‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதுவதை நிறுத்தவைத்த பயிற்சி: ஒரு பிரஸ் ஷாப்பிலிருந்து மதிப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷீட் மெட்டல் வேலை செய்கிற கம்பெனி எங்களுடையது. கார்களுக்கான பிராக்கெட், கிளாம்ப், வாஷர் மாதிரி சின்னச் சின்ன உருப்படிகள். தகட்டை அடித்து வெட்டுகிற, வளைக்கிற பிரஸ்கள், 10 டன் விசையிலிருந்து 160 டன் வரை, இருக்கின்றன. நான் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், கூடவே பாதுகாப்புக் குழுவின் செயலாளர். வேலையிடத்தில் மனிதர்கள் செய்யும் தவறுகளை எப்படிக் கண்டறிவது, எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி ஒன்றை எங்கள் ஷாப்பிலேயே நடத்தினோம். அந்தச் சேவையைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு.

பயிற்சி கொடுத்தது இரண்டு பேர் கொண்ட சிறிய குழு. ஒருவர் மணலி பக்கம் ரசாயனத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் உளவியல் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்த பெண். தங்கள் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கட்டணம் 20 பேருக்கு 45,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. சாப்பாடும் டீயும் நம் செலவு. முதலில் கேட்டபோது முதலாளிக்கு இது அதிகமாகத்தான் பட்டது. மார்ச் 4 பாதுகாப்பு நாளையொட்டி உறுதிமொழி, பேட்ஜ், தீயணைப்பு டெமோ எல்லாம் வருடாவருடம் செய்கிறோமே, அப்புறம் இது எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் முதல் நாள் காலையிலேயே கிடைத்தது.

புரொஜெக்டர் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்துத் திரையெல்லாம் கட்டி வைத்திருந்தோம். பெரியவர் வந்ததும் திரையைப் பார்க்கவேயில்லை. “பழைய விபத்து ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க. முதலுதவிப் பெட்டி ரெஜிஸ்டரும் வேணும்” என்றார். எடுத்துக் கொடுத்தோம். மேசை மேல் வரிசையாகப் பரப்பி, ‘காரணம்’ என்ற கட்டத்தை மட்டும் ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொன்னார். ஆபரேட்டரின் கவனக்குறைவு. ஆபரேட்டரின் அஜாக்கிரதை. விதிமுறையைப் பின்பற்றவில்லை. மறுபடியும் கவனக்குறைவு. ‘எடுத்த நடவடிக்கை’ கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி: எச்சரிக்கப்பட்டார், மறுபயிற்சி அளிக்கப்பட்டது.

படித்து முடித்ததும் அறை அமைதியாகிவிட்டது. பிறகு அவர் இ.எஸ்.ஐ. இழப்பீட்டு அட்டவணையைப் பற்றிச் சொன்னார். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. நடுவிரல் 12. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும், எலும்பு போகாமல் வெட்டுப்பட்டால் 5. “இதுல எந்த நம்பர் உங்க ரிப்போர்ட்ல இருக்கோ, அந்த ஆள் இப்ப எங்க இருக்கார்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். நான்கைந்து பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் இப்போது எங்களிடமே ஸ்டோரில் இருக்கிறார். அவரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு பெரியவர் கற்றுக்கொடுத்த முதல் விஷயம் எனக்கு மிகவும் பயன்பட்டது. விபத்து நடந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்: இதே வேலையை, இதே இயந்திரத்தில், இதே நேரத்தில், இதே அளவு அனுபவமுள்ள வேறொருவரிடம் கொடுத்திருந்தால் அவருக்கும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்று பதில் வந்தால், ஆளை எச்சரிப்பதில் பிரயோஜனம் இல்லை. இயந்திரத்தையும் வேலை அமைப்பையும் பார்க்க வேண்டும். எங்கள் ரிப்போர்ட்களை இந்தக் கேள்வியோடு மறுபடி படித்தோம். பெரும்பாலானவற்றில் பதில், ஆமாம், அவருக்கும் நடந்திருக்கும்.

இதற்கு அவர் சொன்ன விமானக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆபரேட்டர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே வயிறு தரையில் இடித்து விழுந்தன. விமானி இறக்கை மடிப்பை (ஃபிளாப்) மேலே தூக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டார். விமானியின் தவறு என்றுதான் எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில், கைக்கு ஒரே மாதிரி. இதே மாதிரி பயிற்சி பெற்ற விமானிகள் ஓட்டிய சி-47 விமானத்தில் அமைப்பு வேறு மாதிரி இருந்தது, இந்தத் தவறும் அங்கே வரவில்லை. சாபனிஸ் ஒன்றின் பிடியில் சக்கர வடிவில் ரப்பர் ஒட்டினார், மற்றதில் இறக்கை மடிப்பு மாதிரியான ஆப்பு வடிவம். கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்துக்கான நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

கதை முடிந்ததும் எங்கள் 40 டன் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் எழுந்து, “சார், கம்ப்ரஸர் ரூம்ல ரெண்டு வால்வு அப்படித்தான் இருக்கு” என்றார். ஒன்று லைனுக்குப் போகும் காற்று, இன்னொன்று தண்ணீர் வடிகட்டுவது. இரண்டுக்கும் ஒரே நீலக் கைப்பிடி. உடனே போய்ப் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் ஒன்றின் கைப்பிடியை மாற்றியாகிவிட்டது.

பயிற்சியின் பாடப் பகுதியில் தவறுகளை நான்காகப் பிரித்தார்கள். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் வகைப்பாடு இது. நினைத்தது ஒன்று, கை செய்தது ஒன்று. செய்ய வேண்டிய படியை மறந்துபோவது. தப்பாகப் புரிந்துகொண்டு அதைச் சரியென்றே நினைத்துச் செய்வது. தெரிந்தே விதியை மீறுவது. கேட்கும்போது புத்தகப் பிரிவாகத் தோன்றும். ஆனால் இதன் பயன் மருந்தில் இருக்கிறது. பத்து வருடம் ஒரே வேலை செய்கிறவர் கால் தவறி, பிரஸ்ஸை ஓட்டும் பெடலை மிதித்தார் என்றால் அவருக்கு மறுபயிற்சி கொடுத்து என்ன பயன்? அவருக்கு வேலை நன்றாகவே தெரியும், தெரிந்ததால்தான் கையும் காலும் தானாக ஓடுகின்றன. அங்கே பெடலுக்கு மூடி போட வேண்டும். மறதிக்குச் செக்லிஸ்ட், மெஷினில் மாட்டும் டேக். தப்பாகப் புரிந்துகொள்வதற்குத்தான் பயிற்சி. மீறலுக்கு, அவர் ஏன் மீறுகிறார் என்று போய்க் கேட்க வேண்டும். எங்கள் ரிப்போர்ட்களில் நான்குக்கும் ஒரே மருந்து கொடுத்திருந்தோம்.

ஹார்ட் என்ற மதிப்பீட்டு முறையையும் கொஞ்சம் காட்டினார்கள். பிரிட்டனில் ஜே. சி. வில்லியம்ஸ் 1980-களில் உருவாக்கியது. எந்தெந்தச் சூழ்நிலை தவறும் வாய்ப்பை எத்தனை மடங்கு வரை கூட்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அபூர்வமாகவோ புதிதாகவோ வருகிற முக்கியமான நிலைமை என்றால் 17 மடங்கு வரை. தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரம் இல்லையென்றால் 11 மடங்கு வரை. அணு உலை மாதிரியான இடங்களுக்காக வந்த முறை, பிரஸ் ஷாப்பில் அப்படியே பெருக்கிக் கணக்குப் போட வேண்டாம் என்று அந்த அம்மா எச்சரித்தார். ஆனால் புது டை (உருப்படிக்கு வடிவம் கொடுக்கும் அச்சு), மாதக் கடைசி அவசரம், இரண்டும் ஒரே ஷிஃப்ட்டில் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இப்போது புது டை ஏற்றுவதை மாதத்தின் கடைசி வாரத்தில் வைப்பதில்லை. பிளானிங் ஆட்கள் முதலில் முரண்டு பிடித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

வகுப்பை விட ஷாப்பில் நடந்ததுதான் இந்தச் சேவையின் உயிர். இரண்டாம் நாள் முழுக்க மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தார்கள். அந்த அம்மா 63 டன் பிரஸ் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையில் நோட்டு இல்லை, போன் இல்லை. ஆபரேட்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவன் கூச்சப்பட்டான், அப்புறம் மறந்துவிட்டு வழக்கம்போல ஓட்ட ஆரம்பித்தான். பிளாங்க் (வெட்டிய தகட்டுத் துண்டு) வைப்பான், மிதிப்பான், உருப்படி கீழே விழும், அடுத்தது. நடுவில் ஒரு உருப்படி டையிலேயே ஒட்டிக்கொண்டது. சட்டென்று விரலை உள்ளே விட்டு எடுத்துவிட்டான். ஒரு நொடி கூட ஆகவில்லை. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, “தம்பி, ஒட்டிக்கிட்டா எடுக்கறதுக்கு ஏதாவது கொடுத்திருக்காங்களா?” என்று கேட்டார்.

“காந்தக் குச்சி இருக்கு மேடம்.”

“எங்கே?”

அவன் கை காட்டினான். இரண்டு பிரஸ் தாண்டி, தூணுக்குப் பின்னால், பச்சைப் போர்டில் ‘பாதுகாப்புக் கருவிகள்’ என்று எழுதி அழகாக மாட்டியிருந்தது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் போர்டைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். “சரி, போய் எடுத்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். அவன் போய், எடுத்து, வந்து, ஒட்டிய துண்டை எடுத்துக் காட்டி, திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான். “ஒரு ஷிஃப்ட்ல எத்தனை தடவை ஒட்டும்?” டை புதுசாகத் தீட்டியிருந்தால் குறைவு, மழுங்கினால் அடிக்கடி என்றான். ஒவ்வொரு தடவையும் அந்தத் தூண் வரை போய் வந்தால் அவனுடைய மணிக் கணக்கு எட்டாது. கணக்கு எட்டவில்லையென்றால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு வழியில் அவன் தேர்ந்தெடுத்ததைத்தான் நாங்கள் கவனக்குறைவு என்று எழுதிவந்தோம்.

அந்த ஒரு ஸ்டூலிலிருந்து மூன்று வேலை கிளம்பியது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் சுருள் கயிற்றில் கட்டிய காந்தக் குச்சி, கை நீட்டினால் எட்டும் இடத்தில். செலவு சில நூறு ரூபாய்தான். இரண்டாவது, டையைத் தீட்ட எடுக்கும் இடைவெளியைக் குறைத்தது. ஒட்டுவதே குறைந்தால் கை உள்ளே போக வேண்டிய அவசியமும் குறையும். மூன்றாவது, பெடலுக்கு மேலேயும் பக்கத்திலேயும் மூடி. மேலே திறந்த பெடலில் கீழே விழுந்த உருப்படி பட்டாலும் ஸ்ட்ரோக் (பிரஸ்ஸின் ஒரு அடி) விழுந்துவிடும், எடுக்கக் குனிகிறவரின் கால் பட்டாலும் விழுந்துவிடும்.

அப்புறம் பிரஸ் கிளட்ச் விஷயம். சின்ன பிரஸ் ஷாப் வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் பாதி மெஷின் பழைய கீ கிளட்ச் வகை. மிதித்தால் கீ விழுந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் பிளைவீலோடு கிராங்க் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பகுதி) கீழே போய் மேலே வந்துதான் நிற்கும், நடுவில் நிறுத்த முடியாது. ஒரு விற்பனையாளர் எங்கள் எல்லா பிரஸ்களுக்கும் லைட் கர்ட்டன் (குறுக்கே கை போனால் மெஷினை நிறுத்தச் சொல்லும் ஒளிக்கதிர்த் திரை) போட கொட்டேஷன் கொடுத்திருந்தார். பெரியவர் அதை வாங்கிப் பார்த்து, கீ கிளட்ச் மெஷின்களையெல்லாம் பேனாவால் அடித்தார். கை உள்ளே போவதை லைட் கர்ட்டன் பார்த்துவிடும், ஆனால் நிறுத்தவே முடியாத மெஷினிடம் நிறுத்து என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அதில் மாட்டினால் ஆபரேட்டருக்கு இல்லாத தைரியம் வேறு வந்துவிடும். அந்த மெஷின்களுக்கு விரல் நுழையாத அளவுக்கு மூடிய டை, அல்லது நிலையான கூண்டு, அதுதான் வழி. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்கு வேலி கேட்டதும் இதைத்தான். இந்த ஒரு ஆலோசனையிலேயே பயிற்சிக் கட்டணத்துக்கு மேல் மிச்சம் பிடித்துவிட்டோம்.

நடுவிலும் நிறுத்தக்கூடிய நியூமேட்டிக் (காற்றழுத்த) கிளட்ச் உள்ள பெரிய பிரஸ்களில் லைட் கர்ட்டன் வேலை செய்யும், ஆனால் எங்கே மாட்டுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் என்று சர்வதேசத் தரம் கணக்கு வைக்கிறது. ராம் நிற்க 0.2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கை 40 செ.மீ. போய்விடும். ஆக, கர்ட்டன் டையிலிருந்து குறைந்தது 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஒளிக்கதிர்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள வகை என்றால் இன்னும் தள்ளி. எங்கள் 160 டன் பிரஸ்ஸில் டேப் வைத்து அளந்தோம். மாட்டியவர்கள் கிட்டத்திலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது, கையை நீட்டினால் நின்றது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெதுவாகக் கையை நீட்டிச் சோதித்தால் எல்லா கர்ட்டனும் பாஸாகிவிடும்.

இரட்டைக் கை பட்டன் மேல் டேப் ஒட்டியிருந்ததையும் கண்டுபிடித்தார்கள். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் ஓட வேண்டிய மெஷின் அது. ஒன்றை டேப் போட்டு அழுத்தியே வைத்துவிட்டு மற்றதை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்தது, ஒட்டியது யார் என்று விசாரிப்பார்கள் என்று. அவர்கள் அந்த மெஷினில் ஓட்டுகிற அக்காவிடம், எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். தோள்பட்டை என்றார். பட்டன் பெட்டி அவர் உயரத்துக்கு ரொம்ப மேலே இருந்தது, அமுக்கவும் கடினம். ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கையைத் தூக்கி அமுக்கினால் யாருக்கும் தோள் போகும். பெட்டியைக் கீழே இறக்கினோம், லேசாக அழுந்தும் பட்டன் மாற்றினோம். கூடவே, இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுந்தவில்லை என்றாலும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அமுக்கவில்லை என்றாலும் ஓடாத ரிலே போட்டோம். இப்போது டேப் ஒட்டினால் மெஷினே கிளம்பாது. ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை.

ஷிஃப்ட் மாறுகிற நேரத்தைப் பற்றிய பகுதி சின்னதுதான், ஆனால் பராமரிப்பில் இருப்பதால் என்னைப் பிடித்துக்கொண்டது. 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பகலில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வேலைக்கு எடுத்திருந்தார்கள், அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு மூடி. ராத்திரி இன்னொரு பம்ப் நின்றுபோனது. இருந்த ஆட்களுக்கு வால்வு கழற்றியிருப்பது தெரியவில்லை, இந்தப் பம்ப்பைப் போட்டார்கள். 167 பேர் செத்துப்போனார்கள். கழற்றிய தகவல் காகிதத்தில் இருந்தது, தேவைப்பட்ட ஆளிடம் இல்லை. இதைக் கேட்ட பிறகு, ‘செட்டரிடம் (டை மாட்டுகிறவர்) வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டேன்’ என்ற பதிலை நான் யாரிடமும் ஏற்பதில்லை. கூண்டையோ கர்ட்டனையோ கழற்றினால் அந்த மெஷினின் மெயின் ஸ்விட்சில் பூட்டு. சாவி கழற்றியவரின் பையில். ஷிஃப்ட் முடிந்து அவர் கிளம்புவதாக இருந்தால் அடுத்து வருகிறவரை மெஷின் பக்கத்துக்கே கூட்டிப்போய்க் காட்டி, அவர் பூட்டு ஏறிய பிறகுதான் தன்னுடையதை எடுக்கலாம். பூட்டுகளைப் பாரிமுனையில் வாங்கினோம், ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதியது.

விரல் நீட்டிச் சொல்கிற பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். ஜப்பான் ரயில்வேயிலிருந்து வந்தது. பார்க்க வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வது. அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, எளிய வேலையில் 100-க்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. எங்கள் ஆட்களுக்குக் கூச்சமாக இருந்தது, சத்தமாகச் சொல்ல மாட்டோம் என்றார்கள். நம் ரயில்களில் லோகோ பைலட்டும் உதவி பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள், நீங்கள் ஊருக்குப் போகிற வண்டியும் அப்படித்தான் போகிறது என்று பெரியவர் சொன்னதும் கொஞ்சம் இளகினார்கள். டை செட்டர்கள் மட்டும் இப்போது செய்கிறார்கள்: போல்ட் இறுக்கியாச்சு, பாதுகாப்புக் கட்டை எடுத்தாச்சு, கூண்டு மாட்டியாச்சு. ஆபரேட்டர்களிடம் இது நிலைக்கவில்லை. மணிக்கு நூற்றுக்கணக்கில் ஸ்ட்ரோக் போடுகிறவரிடம் ஒவ்வொன்றுக்கும் சொல்லச் சொல்வது நடக்காத காரியம், பயிற்சியிலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

குறைகள் இருக்கின்றன. பெரிய குறை மொழி. எங்கள் ஹெல்பர்களில் நிறைய பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்கள். வகுப்பு முழுக்கத் தமிழில் நடந்தது. தமிழ் ஆட்களுக்கு அது பெரிய வரம், முதல் தடவையாக எல்லோரும் வாயைத் திறந்து பேசினார்கள். ஆனால் பின் வரிசையில் வட மாநிலத் தம்பிகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியில் மிகவும் புதியவர்களும் அவர்கள்தான், மிகவும் ஆபத்தான இடத்தில் நிற்பவர்களும் அவர்கள்தான். எங்கள் ஆள் ஒருவன் இந்தியில் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தான், ஆனால் அது போதாது. படம் போட்ட அட்டைகள் கொடுத்தார்கள், அவை நன்றாக இருந்தன, இன்றும் மெஷினில் ஒட்டியிருக்கின்றன. இந்தி, ஒடியா தெரிந்த ஒருவரை அவர்கள் குழுவில் சேர்க்காதவரை இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தர மாட்டேன். நேரிலும் இதைச் சொன்னேன்.

இன்னொன்று, நேரம். எங்கள் முதலுதவி ரெஜிஸ்டரில் காயங்கள் எந்த மணியில் நடந்தன என்று முதல் நாள் பார்த்தபோது, ஷிஃப்ட்டின் கடைசிப் பகுதியிலும் ஓவர்டைம் நேரத்திலும் கூட்டமாக நின்றன. அதை அவர்கள்தான் கண்டுபிடித்துப் போர்டில் புள்ளி வைத்துக் காட்டினார்கள். ஆனால் முதலாளி கடைசி ஒரு மணி நேரத்துக்கு வந்து உட்கார்ந்தபோது ஓவர்டைம் பற்றி மென்மையாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். காந்தக் குச்சியையும் பெடல் மூடியையும் என்னால் போட முடியும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டை என்னால் மாற்ற முடியாது. அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வெளியாள் ஒருவர் வந்திருக்கிறார் என்பதே அவர்களை அழைத்ததில் எனக்கிருந்த பெரிய நம்பிக்கை. எழுத்தில் கொடுத்த அறிக்கையில் அந்தப் படம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் பேசி வருகிறேன். ஓவர்டைமுக்குப் பிறகு பிரஸ்ஸில் உட்கார வைக்காமல் பேக்கிங்குக்கு மாற்றுவது என்ற அளவுக்கு இதுவரை வந்திருக்கிறது.

அந்த அறிக்கையும் சொன்ன தேதியைத் தாண்டித்தான் வந்தது, போன் போட்டுப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. கடைசி அரைநாள் ஸ்லைடுகள் இங்கிலீஷில் இருந்தன, யாரும் அதைக் கவனிக்கவில்லை. இவை சின்ன விஷயங்கள்.

இப்போது எங்கள் விபத்துப் படிவத்தில் ‘காரணம்’ என்ற ஒரு கட்டம் இல்லை. அவர் என்ன செய்ய முயன்றார், கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை, எத்தனையாவது மணி நேரம், மெஷினில் என்ன மாறியிருந்தது, வேறொருவருக்கும் நடந்திருக்குமா என்று ஐந்து கட்டங்கள். நூலிழையில் தப்பியவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறோம், பெயர் போட வேண்டியதில்லை. முதலில் பெட்டி காலியாகவே கிடந்தது. கம்ப்ரஸர் வால்வைச் சொன்ன ஆபரேட்டருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொன்ன பிறகு சீட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒரு சீட்டில் ‘5-ஆம் நம்பர் பிரஸ் தானா ரெண்டு தடவை அடிச்சுது’ என்று இருந்தது. கீ கிளட்ச்சின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அன்றே மாற்றினோம். எச்சரித்துக் கையெழுத்து வாங்கும் பழைய முறையில் அந்தச் சீட்டை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். 50 பேருக்கு மேல் வேலை செய்கிற பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், ஃபவுண்டரி என்றால் இந்தச் செலவு தாங்கும். அதற்குக் கீழே உள்ளவர்கள் பக்கத்து யூனிட்கள் இரண்டு மூன்று சேர்ந்து அழைக்கலாம், அப்படியும் வருகிறார்கள். இந்தக் குழுவையே அழைத்தாலும் சரி, வேறு யாரையாவது அழைத்தாலும் சரி, ஒப்புக்கொள்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி நேரமாவது ஓடுகிற மெஷின் பக்கத்தில் நிற்பார்களா? உங்கள் ஆட்கள் பேசுகிற எல்லா மொழியும் வருமா? அறிக்கை எந்தத் தேதிக்குள்? முதலாளி முதல் நாள் காலையிலேயே, அந்தப் பழைய படிவங்களைப் படிக்கும்போதே, அறையில் இருக்க வேண்டும் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் புரொடக்‌ஷன் கெடாது என்று எங்களைப் போலவே உங்களுக்கும் தோன்றும். பெரியவர் ஞாயிறு வர மாட்டார், நின்ற மெஷினில் பார்க்க ஒன்றுமில்லை என்பார். வார நாளில், முடிந்தால் செகண்ட் ஷிஃப்ட்டையும் சேர்த்து, தேதி கொடுங்கள்.